குரலுக்குப் பின்னால் கேட்ட சத்தங்கள்

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விரிப்பு மடிப்பதில் அவளுக்கு ஈடு கிடையாது. இரண்டு மூலையைப் பிடித்து ஓர் உதறு உதறினால் துணி காற்றில் எழும்பி, தானாகவே மடிந்துகொண்டு வந்து மேசையில் உட்காருவது போலிருக்கும். பேச்சுதான் வராது. யாராவது ஏதாவது கேட்டால் முதலில் சிரிப்பாள். சிரிப்பு போதவில்லை என்றால் தலையாட்டுவாள். அதுவும் போதாத இடத்தில்தான் வாயைத் திறப்பாள்.

"மடிப்பக்கா வாய்க்கும் இஸ்திரி போட்டு மடிச்சு அலமாரியில வச்சிருக்கு" என்பாள் ரோலர்காரி.

ரோலர்காரி அவளுடைய சிநேகிதி. பாதி உலர்ந்த விரிப்புகளைச் சூடான பெரிய உருளைக்குள் செலுத்துவது அவள் வேலை. அந்தப் பக்கம் அவள் விட்டால் இந்தப் பக்கம் வெளியே வருவதை மடிப்பக்கா பிடித்து மடிப்பாள். நடுவில் ஆவி. ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து ரோலர்காரி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். இந்தப் பக்கம் இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். வருஷக்கணக்காக இரண்டு பேருக்கும் இது ஒத்துப்போயிருந்தது.

மடிப்பக்கா பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள். அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டில் ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்காவுக்கு வாய் உண்டு. "எனக்குப் பரீட்சை இருக்கே" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால் அவளுக்குச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்காக அவள் யாரையும் நொந்துகொண்டதில்லை. ஆனால் புத்தகப் பையோடு போகிற பிள்ளைகளைப் பார்த்தால் இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் நடப்பாள்.

அந்த அக்காவின் மகள்தான் கொசு. சின்ன வயதில் காதோரம் வந்து கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுப் பிடுங்கியதால் வந்த பேர். கல்லூரி பக்கத்தில் இருக்கிறதென்று சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். மடிப்பக்காவுக்குப் பிள்ளை இல்லை; வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூரில். கொசு வந்த பிறகுதான் அந்த இரண்டு அறை வீட்டில் சத்தம் என்று ஒன்று வந்தது.

கடைசி வருஷத்தில் கொசுவுக்கு ஒரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்றாள்.

"என்ன அது? இருமல் மருந்துப் பேரு மாதிரி இருக்கு" என்றார் லாரிக்காரர்.

"சித்தப்பா! வரலாறு, மொழி, கதை இதெல்லாம் படிக்கிறவங்க கம்ப்யூட்டரை வச்சு ஆராய்ச்சி பண்றது."

"நீ கேக்கிற கேள்விக்கு மனுஷன் யாரும் பதில் சொல்ல முடியலைன்னு மெஷின்கிட்ட அனுப்பிட்டாங்களாக்கும்."

வேலை என்னவென்றால், ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத வேலைகளைச் செய்கிறவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். அதை இணையத்தில் சேர்த்து வைக்க வேண்டும். அதோடு, செவிக்கூடம் என்று இணையத்தில் ஒரு படிப்பு வட்டத்தையும் நடத்த வேண்டும். அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம். வாரம் ஒரு பதிவைப் போடுவார்கள். எல்லோரும் கேட்டு, என்ன கேட்டது, எதைக் கவனித்தோம் என்று எழுதுவார்கள். மற்றவர்கள் அதற்குப் பதில் எழுதுவார்கள். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடிப்பார். இப்படிச் சேர்ந்து கேட்கக் கற்றுக்கொள்வதுதான் பாடம். இந்த வட்டத்தை நடத்தும் பொறுப்பு கொசுவுக்கு.

முதல் பதிவுகளுக்கு ஆள் கிடைக்காமல் கொசு சித்தியைப் பிடித்துக்கொண்டாள். மடிப்பக்கா சிரித்தாள். தலையாட்டினாள். பிறகு வாயைத் திறந்து "மாட்டேன்" என்றாள். கொசுவின் பேர் சும்மா வந்ததில்லையே. கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், சலவைக்கூடத்துப் பின்கட்டில் வண்டிகள் அடுக்கிவைக்கும் கொட்டகையில் இருவரும் உட்கார்ந்தார்கள். வேலை செய்கிற இடத்திலேயே பேசவைத்தால் அந்த இடத்துச் சத்தமும் சேர்ந்து விழும், பேச்சுக்கு உயிர் வரும் என்று கல்லூரி மேடம் சொல்லிக் கொடுத்திருந்தார்.

நடந்தது மடிப்பக்காவுக்கே ஆச்சரியம். கொசு அவள் முன்னால் மைக்கை வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரில் ஒருத்தி உண்மையாகவே கேட்கிறாள் என்று தெரிந்ததும் இவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. துணியைப் பற்றிச் சொன்னாள். ரத்தக்கறை எந்தத் தண்ணீரில் போகும், குழந்தை வார்டு விரிப்பை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்றெல்லாம் சொன்னாள். அப்படியே, யாரும் கேட்காமல், ரோலர்காரியின் கையைப் பற்றியும் சொல்லிவிட்டாள்.

ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது, வேலை ஓடவில்லை என்று அந்தக் கம்பியைப் பின்னால் இழுத்து, கட்டுக்கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாள் விரிப்போடு சேர்ந்து ரோலர்காரியின் விரல்களும் உள்ளே போயின. "வீட்டில் சமைக்கும்போது சுட்டுக்கொண்டேன்" என்று மருத்துவமனையில் சொல்லச் சொன்னார்கள். சொன்னால் வேலை இருக்கும் என்றார்கள். அவளும் சொன்னாள். கைக்கு அடியில் வருகிற விரிப்புகளெல்லாம் மருத்துவமனை விரிப்புகள். அவள் அடிபட்டுப் படுத்திருந்ததும் தன் கையால் இஸ்திரி போட்ட விரிப்பில்தான்.

அன்று மாலையே மடிப்பக்காவுக்குத் தான் செய்தது உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும்தான் கெடும். மறுநாள் ரோலர்காரியிடம் சொன்னாள்.

ரோலர்காரி கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"பேரு வராதுல்ல?"

"வராது."

"இடம்?"

"அதுவும் வராதாம். என் குரலைக்கூட மாத்திடுவாளாம்."

"பாரு, வாயில்லாப் பூச்சின்னு உன்னை நம்பிப் பக்கத்துல வச்சிருந்தேன்." மடங்காத விரல்களை எடுத்துக் காட்டினாள். "இந்த வேலை போச்சுன்னா, இந்தக் கையை வச்சுக்கிட்டு எனக்கு எவன் வேலை குடுப்பான், சொல்லு."

கொசு சொன்னபடியே செய்தாள். பேர்களை வெட்டினாள். சித்தியின் குரலைக் கனமாக்கி, ஆணா பெண்ணா என்று தெரியாமல் செய்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. கொசு தன் பழைய போனைச் சித்திக்குக் கொடுத்திருந்தாள். அதில் செவிக்கூடம் திறந்தே கிடந்தது. ஒரு நாள் இடைவேளையில் மடிப்பக்கா அதில் ஒரு பேருந்து நடத்துநரின் பேச்சைக் கேட்டாள். கீழே ஏழெட்டுப் பேர் எழுதியிருந்ததைப் படித்தாள். நடத்துநர் ஒரு இடத்தில் பேச்சை நிறுத்துகிறாரே, அதை யாரும் எழுதவில்லையே என்று தோன்றியது. 'சன்னல்' என்று ஒரு பேர் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். எழுத்து எழுத்தாகத் தேடி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, திருடியவள் போல போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் பார்த்தால் பதில் வந்திருந்தது. "நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் சன்னல்! இன்னும் எழுதுங்கள்." எழுதியவள் கொசு.

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட அவள் விடவில்லை. அங்கே யாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. யோசித்து, அழித்து, திரும்ப எழுதலாம். தபால்பெட்டி என்று ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற தபால்காரர், எல்லோருக்கும் தவறாமல் வணக்கம் சொல்வார். நட்டு போல்ட்டு என்று ஒரு மெக்கானிக் இருந்தான். எதைக் கேட்டாலும் அது என்ன எந்திரம் என்று சொல்லுவான். இவர்களெல்லாம் சன்னலுக்காகக் காத்திருந்தார்கள். "சன்னல் இன்னும் திறக்கவில்லையா?" என்று தபால்பெட்டி கேலி செய்வார். எட்டாம் வகுப்போடு விட்ட பள்ளிக்கூடம் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது அவளுக்கு.

வீட்டில் கொசு தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசுவாள். "சன்னல்னு ஒருத்தங்க இருக்காங்க சித்தி. காதுன்னா அதான் காது. யாரோ ரிட்டயர்டு டீச்சரா இருக்கும்."

"அவங்களுக்கு வீட்டுல வேலை வெட்டி கிடையாதா?" என்பார் லாரிக்காரர்.

மடிப்பக்கா குழம்பு ஊற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் கொசு கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்திருப்பாள். அக்காவிடம் சொல்வாள், மேடத்திடம் சொல்வாள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கூச்சத்தில் சொல்லாமலேயே விட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வாரம் வந்தது. சாப்பாட்டு வேளையில் போனைத் திறந்தாள். கொசு புதுப் பாடம் போட்டிருந்தாள்: "இந்த வாரம் பேச்சை எழுத வேண்டாம். குரலை மறந்துவிட்டு, அதற்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று கேளுங்கள். இது என்ன இடம்? எங்கே இருக்கலாம்? துப்பறிவாளர்களே, புறப்படுங்கள்!"

காதில் மாட்டினாள். கனத்த குரல் ஒன்று, தூக்கக் கலக்கத்தில் பேசுகிற ஆம்பிளை மாதிரி, "அந்தக் கம்பியைக் கட்டி வச்சிருந்தாங்க" என்றது. யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். நடுவில் அந்தக் குரல் தொண்டையைச் செருமியது. தன் செருமல். கையிலிருந்த சாப்பாடு அப்படியே நின்றது.

கொசு வேண்டுமென்று செய்யவில்லை. அவளிடம் இருந்த பதிவுகளிலேயே பின்சத்தம் துல்லியமாக விழுந்தது அதில்தான். பேரை எடுத்தாயிற்று, குரலை மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது வெறும் சத்தம்தானே என்று நினைத்துவிட்டாள். கேட்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு, கற்றுக்கொண்டவர்கள் எவ்வளவு தூரம் கேட்பார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

அவர்கள் நன்றாகவே கேட்டார்கள். நட்டு போல்ட்டுதான் ஆரம்பித்தான். "பெரிய சலவை எந்திரம். சுத்தி முடித்தால் மூன்று தடவை குட்டையாகவும் கடைசியில் நீளமாகவும் கத்தும். வீட்டு எந்திரம் இப்படிக் கத்தாது." இன்னொருத்தி எழுதினாள், ஆம்புலன்ஸ் சத்தம் நெருங்கி வந்து சட்டென்று அணைகிறது, அப்படியானால் மருத்துவமனை வாசல் பக்கத்தில்தான். வேறொருவர் ரயில்வே கேட் மணியைப் பிடித்தார். கடைசியில் தபால்பெட்டி: "அனைவருக்கும் வணக்கம். பதிவின் முடிவில் ஒரு விசில் கேட்கிறதே, கவனித்தீர்களா? காவல்துறை விசில் இல்லை. பள்ளிக்கூட விளையாட்டு விசில்."

அது மேற்பார்வையாளருடைய விசில். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஊதுவார். அவருக்குச் சலவைக்கூடத்தில் விசில் என்றே பேர். இதை அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் நின்று ஊதினார். அவளுக்குப் பாதி உயிர் போய் வந்தது.

மடித்துக்கொண்டே யோசித்தாள். அடுத்த இடைவேளையில், கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்யை எழுதினாள். "எனக்கு இது சலவை இடமாகத் தோன்றவில்லை. நூல் ஆலை போலிருக்கிறது. மணிச்சத்தம் கோயிலோ பள்ளியோ ஆக இருக்கலாம்."

நட்டு போல்ட்டு உடனே வந்துவிட்டான். "மன்னிக்கணும் சன்னல், நூல் ஆலை என்றால் கதிர் சுழலும் சத்தம் விடாமல் இருக்கும். இங்கே தண்ணீர் வடிகிற சத்தமே கேட்கிறது, இருபதாவது நொடியில் பாருங்கள்." அவனுக்கு நாலு பேர் ஆமாம் போட்டார்கள். கீழே கொசு எழுதியிருந்தாள்: "சன்னல், நீங்கள் வழக்கமாக இப்படிச் சறுக்க மாட்டீர்களே! இன்னொரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். கொசு அறையில் மற்ற ஃபெல்லோக்களோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரே நாள்ல எவ்வளவு பதில்! ஃபைனல் பிரசன்டேஷன்ல இதைத்தான் காட்டணும்னு மேடம் சொல்லிட்டாங்க" என்று துள்ளினாள். மடிப்பக்கா கதவருகே தண்ணீர் செம்போடு நின்றாள். திரையில் நாலு முகம். கொசு திரும்பி, "என்ன சித்தி?" என்றாள். நாலு முகமும் சேர்ந்து பார்த்தன.

"ஒண்ணுமில்லை" என்று செம்பை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் சலவைக்கூடத்துச் சன்னல் வழியாகப் பார்த்தபோது எதிர்ச் சாரியில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மேல்பட்டன் வரை போட்டிருந்தார். போனைக் கையில் உயர்த்தி மதில்பக்கம் காட்டிக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி மும்முரமாக இருந்தார். விசில் ஊதியதும் அவர் முகம் மலர்ந்தது. யார் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தபால்பெட்டி தெருவைக் கடந்து வந்து, வாசல் காவலாளிக்கு வணக்கம் வைத்து, ஏதோ கேட்டார். காவலாளி தலையைச் சொறிந்தான். பெரியவர் போனை அவன் காதில் வைத்தார்.

வெளியே ஓடியிருக்கலாம். ஐயா, நான்தான் சன்னல், போய்விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. அவள் கை மட்டும் விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தது.

"யாருடி அது, மாப்பிள்ளை மாதிரி சிங்காரிச்சுக்கிட்டு?" என்றாள் ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து ரோலர்காரி. மடிப்பக்கா பதில் சொல்லவில்லை. ரோலர்காரிக்கு அதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை.

இடைவேளைக்குள் செவிக்கூடத்தில் வந்துவிட்டது. "உறுதி செய்துவிட்டேன்! முப்பது வருடம் தபால் கொடுத்த தெரு, காது ஏமாற்றவில்லை. பேட்டி எடுத்தது இங்கேதானா என்று காவலாளியிடமும் விசாரித்தேன். அவருக்கு விவரம் தெரியவில்லை, உள்ளே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நல்ல மனிதர்." கீழே கைதட்டல் படங்களாக வரிசை.

அன்று கொசு கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மடிப்பக்கா சொன்னாள். "அதை எடுத்துடு."

"எதை?"

"என் பேச்சை. எல்லாத்தையும். இப்பவே."

"ஏன் சித்தி? உங்க பேரே இல்லையே அதுல. குரல்கூட..."

"நான்தான் சன்னல்."

கொசு சிரிக்கத் தொடங்கினாள். சித்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. நூல் ஆலை என்று எழுதியது ஏன் என்று முதலில் புரிந்தது. அடுத்து தபால்பெட்டி எங்கே போய் நின்றார் என்பது புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே சித்தி."

"சொல்லியிருக்கலாம்."

"நான் வேற, திரும்பக் கேளுங்கன்னு..."

"எழுந்து போய் எடு. அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்."

எடுத்தாள். மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் ரொம்ப வருத்தப்பட்டார். பதிவை முழுவதுமாக மூடச் சொன்னார். பிறகு, இதில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது, பிரசன்டேஷனில் இதைத் தனிப் பகுதியாகவே வைக்கலாம் என்றும் சொன்னார்.

"அதையும் படம் போட்டுக் காட்டுவாங்களா?" என்று கேட்டாள் மடிப்பக்கா.

மறுநாள் விசில் வழக்கமில்லாத நேரத்தில் ஊதினார். ரோலரை நிறுத்தி, எல்லோரையும் கூட்டினார்கள். அலுவலகத்திலிருந்து முதலாளியின் மருமகன் இறங்கி வந்திருந்தார். அவர் போனில் அந்தப் பேச்சு இருந்தது. கொசு அதை நீக்குவதற்குள் யாரோ எடுத்து யாருக்கோ அனுப்பி, எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. ஓட விட்டார். கனத்த குரல் கம்பியைப் பற்றிச் சொன்னது.

"யாரு பேசினது?"

பின்வரிசையில் ஒருத்தி, "ஆம்பிளைக் குரலா இருக்கே சார். விசிலண்ணனா இருக்கப்போகுது" என்றாள். களுக்கென்று ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

மருமகன் ரோலர்காரியின் பக்கம் திரும்பினார். "உன் கதை. உன்னைத் தவிர வேற யாருக்கு அக்கறை? பாவம்னு வேலையில வச்சதுக்கு நல்லா செஞ்சுட்டேம்மா. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

ரோலர்காரி கெட்ட கையை நல்ல கையால் மூடிக்கொண்டாள். அவளுக்கு யாரென்று தெரியும். ஆனால் மடிப்பக்கா இருந்த பக்கம் அவள் கண்கூடப் போகவில்லை. வாய் ஓயாத அவள் காட்டிக்கொடுக்காமல் நின்றாள். அதைத்தான் மடிப்பக்காவால் தாங்க முடியவில்லை.

"சார், அது நான்."

மருமகன் யாரென்று தேடினார். விசில் அவளைக் காட்டினார். காட்டிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "சார், இது வாயே திறக்காது. சிநேகிதியைக் காப்பாத்தச் சொல்லுது."

"நான்தான் பேசினேன்."

"நீயா? எங்கே, என்ன பேசினேன்னு சொல்லு பார்ப்போம்" என்றார் மருமகன்.

அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். ரத்தக்கறையிலிருந்து ஆரம்பித்தாள். கம்பியை யார் கட்டச் சொன்னது, யார் கட்டினது, விரல் உள்ளே போனபோது உருளையை நிறுத்த ஏன் அவ்வளவு நேரம் ஆனது, மருத்துவமனையில் என்ன சொல்லச் சொன்னார்கள், எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் தொண்டையைச் செருமினாள். மருமகன் "போதும், போதும்" என்றார். ஆரம்பித்ததை நடுவில் நிறுத்த அவளுக்குப் பழக்கமில்லை, முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள். அங்கே நின்ற பெண்களில் பாதிப்பேருக்கு மேல் அந்த விபத்துக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள். சமைக்கும்போது சுட்டுக்கொண்டது என்றே நம்பியிருந்தவர்கள். அவர்கள் எல்லோரும் ரோலரைப் பார்த்தார்கள். கட்டுக்கம்பி அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது.

மடிப்பக்காவை அன்றே அனுப்பிவிட்டார்கள். ரோலர்காரியை அனுப்பவில்லை. அத்தனை பேர் கேட்ட பிறகு அவளை அனுப்பினால் விஷயம் வெளியே பெரிதாகிவிடும் என்று மருமகனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

லாரிக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் மனைவியைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதில்லையே நீ" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். பிறகு அவராகவே எழுந்து போய், தெரிந்த இடங்களில் வேலை இருக்கிறதா என்று போன் செய்யத் தொடங்கினார். விஷயம் அங்கெல்லாம் அவருக்கு முன்னாலேயே போயிருந்தது.

சில நாள் கழித்து, மாலையில், ரோலர்காரி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கம்பியை அவிழ்த்துட்டாங்க" என்றாள். "இப்ப ரோலர் தொட்டதுக்கெல்லாம் நிக்குது. ஒரு விரிப்பு போடறதுக்குள்ள விடிஞ்சு போகுது. எல்லாரும் உன்னைத்தான் திட்டுறாங்க."

"நீ?"

"நான் அவங்களுக்கு முன்னாலேயே ஆரம்பிச்சுட்டேன்."

மடிப்பக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ரோலர்காரி குடித்தாள். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"வேலை போயிருந்தாக்கூட உன்மேல இவ்வளவு கோவம் வந்திருக்காது. என் கை. எனக்கு நடந்தது. சொல்றதா வேண்டாமான்னு நான்ல முடிவு பண்ணணும்? ஒரு வார்த்தை கேட்டியா நீ? கேட்டிருந்தா ஒருவேளை நானே சொல்லியிருப்பேன். உன்னைவிட நல்லாவே சொல்லியிருப்பேன்."

"ஆமா" என்றாள் மடிப்பக்கா.

"அங்க நின்னு நீ சொன்னப்ப, எல்லாரும் என் விரலைப் பார்த்தாங்க. அம்மணமா நின்ன மாதிரி இருந்துச்சு. நீ என் வேலையைக் காப்பாத்தினே, சரி. அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடணும். அதுவும் முடியலை."

உள்ளறைக் கதவு திறந்து கொசு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. பிரசன்டேஷனுக்குப் போகப்போவதில்லை என்று அன்று காலைதான் மேடத்திடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரோலர்காரி அவளை முந்திக்கொண்டாள்.

"நீதான் அந்தப் பொண்ணா? ஒண்ணு கேக்கிறேன், சொல்லு. அது இன்னும் அங்க இருக்கா?"

"எடுத்துட்டேன் அக்கா."

"அவங்க அவங்க போன்ல எடுத்து வச்சிருந்தா?"

"அதை என்னால எடுக்க முடியாது அக்கா" என்றாள் கொசு. "யார் யார்கிட்ட இருக்குன்னும் தெரியாது."

ரோலர்காரி தலையாட்டினாள். பொய் சொல்லாததற்கு மட்டும் அது என்பது போல. எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படியின் கைப்பிடியை இடக்கையால் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மடிப்பக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே இறங்கிவிடத்தான் கால் பரபரத்தது. இறங்கவில்லை.

"கூட வரட்டுமா?" என்று மேலிருந்து கேட்டாள்.

ரோலர்காரி படியில் நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. தெருவில் ஒரு வண்டி போய் ஓயும்வரை யோசித்தாள்.

"முனைக்கடை வரைக்கும் வா" என்றாள். "அதுக்கு மேல வேண்டாம்."

மடிப்பக்கா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். கடை வந்ததும் மடிப்பக்கா நின்றுகொண்டாள். ரோலர்காரி திரும்பாமல் போனாள்.